கிளியம்மாள் மிதித்த எட்டு மைல்

பென்னலூர் கிளியம்மாள் இடது காலைத் தரையில் ஓங்கி வைத்தால் அந்த அதிர்வு மூவாயிரம் அடி ஆழம் போய், அடிப்பாறையில் பட்டு, முக்கால் விநாடியில் மேலே திரும்பிவிடும். வலது காலுக்கு அவ்வளவு ஆழம் இல்லை. இதை முறையாக அளந்து எழுதியது 1965ஆம் வருஷம் தை மாதத்தில். அதற்கு முன்பு அவள் நடந்தால் வீடு குலுங்கும் என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். ஆள் நாற்பத்து மூன்று கிலோதான். பத்தொன்பது வயதில் குன்றத்தூர் கோதண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நாலே மாதத்தில் அந்த வீட்டில் ஏழு பானையும் ஒரு சுவரும் போயின. மாமியார் மீனம்மாள் சண்டை எதுவும் போடாமல், வண்டி கட்டி, சாமான்களோடு அனுப்பிவைத்தாள். கோதண்டம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை வண்டிக்குப் பின்னால் நடந்து வந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான். அண்ணன் சுப்பன் வீட்டில் அவள் ஐந்து வருஷம் நுனிக்காலில் நடந்தாள். சிரிப்பு வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் சிரிப்பாள்.

அந்தத் தையில் எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்று ஊருக்கு வந்தது. சர்க்கார் கம்பெனி இல்லை, பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியும் இல்லை. பம்பாயில் மூன்று பேர் பங்கு போட்டு நடத்தியது. இரண்டு லாரி, ஒரு ஜீப், முப்பது ஆள், எல்லாருக்கும் மேலே ரகுபதி என்ற என்ஜினீயர். குழி தோண்டி வெடி வைப்பார்கள். சத்தம் பூமிக்குள் இறங்கி, ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பும். வரிசையாக மண்ணில் குத்திவைத்த ஜியோபோன்கள், உள்ளங்கை அளவுக் காதுகள், அதைக் கேட்டு லாரிக்குள் இருக்கும் கருவிக்குச் சொல்லும். கருவி காகிதத்தில் இருபத்து நான்கு கோடு இழுக்கும். எவ்வளவு நேரம் கழித்துக் கோடு துள்ளுகிறது என்று பார்த்து, பாறை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கணக்கிடுவார்கள். எங்காவது பாறை கவிழ்த்த சட்டி மாதிரி வளைந்திருந்தால் அதன் அடியில் எண்ணெய் தங்கியிருக்கலாம். பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை எட்டு மைல். சித்திரைக்குள் முடிக்காவிட்டால் உரிமம் ரத்தாகிவிடும்; கம்பெனிக்கு வேறு உரிமமும் கிடையாது.

இரண்டாம் நாள் வெடியில் ஊர்க் கிணற்றின் உள்சுவர் பிளந்தது. பஞ்சாயத்துத் தலைவர் பரசுராமன் ஜீப்பை மறித்தார். "கெணத்த ஒடச்சுட்டு இன்னாத்த குடிக்கிறது? உன் எண்ணெயவா?" என்று கேட்டார். ரகுபதி சுவரைக் கட்டிக் கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரகடம் வரை எந்த ஊரும் அதன்பிறகு வெடிக்குச் சம்மதிக்கவில்லை.

கருவியைப் பார்த்துக்கொண்டவர் படப்பை அருள்நாதன். வெடியில்லாத ஒரு மத்தியானம், லாரிக்குள் சும்மா கருவியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபத்து நான்கு கோடும் ஒன்றாகத் துள்ளின. முக்கால் விநாடி கழித்து மறுபடி துள்ளின. வெடியில்கூட அவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை. வெளியே எட்டிப் பார்த்தார். கம்பிச் சுருள் தூக்கும் வேலையில் இருந்த அண்ணனுக்குச் சோறு கொண்டு வந்துகொண்டிருந்த கிளியம்மாளைத் தவிர ரோட்டில் யாரும் இல்லை. நிற்கச் சொன்னார்; கோடுகள் அடங்கின. நடக்கச் சொன்னார், துள்ளின.

"ஏம்மா, நீ நடந்தா கோடெல்லாம் குதிக்குதே."

"மெதுவாத்தான் சார் நடந்துகினு வந்தேன்," என்றாள். தூக்குச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா வேணாம். ஓங்கி மிதி."

அவள் சுப்பனைப் பார்த்தாள். "அப்புறம் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்களே?" என்று கேட்டாள். ஐந்து வருஷப் பழக்கத்தில் கால் ஓங்க வரவில்லை. முதல் மிதி கோழி கிளறுவது போலத்தான் இருந்தது. மூன்றாவது மிதியில் லாரியின் கதவு தானாகத் திறந்தது. அவள் நின்றபடியே சிரித்தாள். பரசுராமன் கிணற்றுக்குள் ஆளை இறக்கிப் பார்த்தார். சுவரில் ஒரு கீறல் இல்லை. ஓங்கி மிதித்தால் அதிர்வு நேராகக் கீழேதான் போகிறது, நுனிக்காலில் நடந்தால்தான் பக்கத்திலும் பரவிப் பானையை உடைக்கிறது என்று ரகுபதி கண்டுபிடித்துச் சொன்னார். மறுநாளே வெடி வைப்பவருடைய சம்பளத்தில் அவளை வேலைக்கு எடுத்தார்கள்.

இருநூறு அடிக்கு ஒரு மிதி, மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. வயல், கரம்பு, பனந்தோப்பு எல்லாம் மிதித்துக்கொண்டு போனாள். வல்லம் தாண்டி நூற்று நாற்பதாவது இடத்தில் கோதண்டம் வந்து நின்றான். "அம்மா கூட்டினு வரச் சொல்லிச்சு," என்றான்.

"வந்தா எப்டி நடக்கணும்?"

அவன் தரையைப் பார்த்தான். "மெதுவாத்தான்."

"இன்னும் எழுபத்தோரு எடம் கீது," என்று சொல்லிவிட்டு அவள் போய்த் தன் இடத்தில் நின்றாள். கருவி ஓடும்போது யாரும் அசையக்கூடாது என்பதால் கோதண்டத்தையும் கடைசி ஜியோபோன் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். செருப்பில்லாத கால். கால் மைல் தூரத்தில் அவள் மிதித்தாள். பூமிக்கடியில் போய்த் திரும்பிய அந்த மிதி அவன் உள்ளங்கால் வழியாக ஏறி நெஞ்சு வரை வந்தது. ஏரிக்கரையில் சொல்லாமல் விட்டதெல்லாம் அப்போது தொண்டைக்கு வந்தது. ஆனால் பேச அனுமதி இல்லை. அன்று அவன் ஊர் திரும்பவில்லை. மறுநாள் சுப்பனோடு சேர்ந்து கம்பி தூக்கினான். ஒரகடத்தில் கடைசி மிதி முடிந்து அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "இனிமே நீ எப்டி வேணா நட. வூடு வுழுந்தா கட்டிக்கலாம்," என்றான். அவள் செம்பை அவனிடம் நீட்டினாள்.

எட்டு மைலிலும் கவிழ்த்த சட்டி இல்லை. பாறை தட்டையாகக் கிடந்தது. இங்கே துளை போட வேண்டாம் என்று ரகுபதி பம்பாய்க்குத் தந்தி அடித்தார். கிளியம்மாள் தன்மேல்தான் தப்போ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பம்பாயிலிருந்து வந்த பதிலில் மூன்று பங்காளிகளும் நன்றி சொல்லியிருந்தார்கள். வெறும் துளை ஒன்று போட்டிருந்தால் கம்பெனியே அதில் போயிருக்கும். மிச்சமான பணத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் உரிமம் வாங்கிவிட்டார்கள். கிளியம்மாளும் கோதண்டமும் லாரியோடு போனார்கள். அடுத்த வருஷம் மீனம்மாளும் வந்து முகாமுக்குச் சமைத்தாள், எல்லாம் அலுமினியப் பாத்திரத்தில். 1969இல் ராமநாதபுரம் கடலோரத்தில் நிஜமாகவே ஒரு சட்டி கவிழ்ந்திருந்தது. துளை போட்டதில் எரிவாயு வந்தது.

ராமநாதபுரத்தில் கோடு இழுத்த காகிதங்களில் 'அதிர்வு தரும் சாதனம்' என்ற இடத்தில் அருள்நாதன் 'கிளியம்மாள்' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துக் கல்கத்தாக் கம்பெனி ஒன்று கடிதம் போட்டது: கிளியம்மாளின் எடை என்ன, எதில் ஓடும், உதிரி பாகம் எங்கே கிடைக்கும், விலைக்குத் தருவீர்களா? ரகுபதி கேட்ட வரிசையிலேயே பதில் எழுதினார். எடை நாற்பத்து மூன்று கிலோ. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் சோறு. உதிரி பாகம் கிடையாது. விலைக்கு இல்லை, இப்போது பிரசவ விடுப்பு, ஆவணிக்குப் பிறகு, சம்மதித்தால், புருஷனோடும் குழந்தையோடும் வருவாள். மூன்று வாரத்தில் கல்கத்தாவிலிருந்து இரண்டு ரயில் டிக்கெட் வந்தது. கூடவே ஒரு சீட்டு: குழந்தைக்குத் தொட்டில் தயார், எங்கள் ஊர் மீன் குழம்பு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?