வெட்டச் சொன்ன குரல்

தடதடவென்று மாடிப்படியில் இறங்கி ஓடினாள். கையிலிருந்த டேப்லெட்டில் கட்டிங் மாஸ்டரின் பதில் பளிச்சென்று எரிந்தது: ‘சரிக்கா, வெட்டிடறேன்.’

கீழேதான் அவளுடைய தையல் யூனிட். நீள மேஜையில் சீருடைத் துணி, அடுக்கடுக்காக. மாஸ்டர் மின்கத்தியை வைக்கப் போன நொடியில் பிளக்கைப் பிடுங்கினாள்.

“அய்யோ அக்கா! ஆபரேஷன் பண்ணின உடம்போட இப்படியா ஓடி வருவீங்க?”

தொண்டையில் கட்டு. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. தான் தட்டி அனுப்பியதைக் காட்டினாள்: ‘துணி சுருங்குது. நனைச்சுப் பாக்காம கத்தி வைக்காதே. வச்சா கையை ஒடிச்சிடுவேன்.’

மாஸ்டர் திருதிருவென்று முழித்தான். “எனக்கு வந்தது இது இல்லியே!” என்று தன் போனைத் தட்டினான்.

கூடம் முழுக்க அவள் குரல். ஆபரேஷனுக்கு முன்பே அவள் பதிந்து வைத்த, அவள் தட்டுவதை டேப்லெட் பேசி அனுப்பும், அச்சு அசல் அவளுடைய குரல்.

“துணி கொஞ்சம் சுருங்கும் போலருக்கு தம்பி. பாத்து வெட்டிடுப்பா. சாப்பிட்டியா?”

அவள் வாயால் ‘வெட்டு’ என்று சொல்லாமல் அந்த யூனிட்டில் யாரும் துணியில் கத்தி வைத்ததில்லை. அந்த ஒரு சொல்லில்தான் யூனிட்டே நின்றது. இன்று அந்தச் சொல்லையே யாரோ கொடுத்திருக்கிறார்கள், அவளைக் கேட்காமல்.

“நான்கூட நெனச்சேன்க்கா, தொண்டையோட சேத்து உங்க கோவத்தையும் டாக்டர் எடுத்துட்டாரோன்னு” என்றான் மாஸ்டர்.

மெஷினில் இருந்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பிய வேகத்தில் சிரிப்பு அடங்கியது. இனி டேப்லெட்டை நம்புவதா? துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து மேஜை மேலேயே எழுதினாள்: ‘வாங்கின கடைக்குப் போன் போடு.’

ஸ்பீக்கரில் கடைக்காரர் சாவகாசமாகப் பேசினார். “கோளாறெல்லாம் இல்லீங்க. அவங்க எழுதறதை ஏஐ சாந்தமா மாத்திச் சொல்லணும்னு கேட்டீங்க. அப்படியே போட்டுக் கொடுத்தோம்.”

“யாருங்க கேட்டது?”

“அவங்க வீட்டுக்காரர்தான்.”

அவளைத் துரத்திக்கொண்டு இறங்கி வந்த புருஷன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“உன் நல்லதுக்குத்தான்மா. உன் வாய்க்குப் பயந்து எத்தனை பேர் ஓடிப் போனாங்க? நீ மாடியில படுத்ததுலேருந்து ஒரு சண்டை உண்டா? எல்லாரும் உன்னைத் தங்கம்ங்கறாங்க.”

தங்கமா? எவளை?

சாக்பீஸ் உடையும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்: ‘எப்போலேருந்து?’

மாஸ்டர் அதைப் படித்துப் போனில் கேட்டான். கடைக்காரருக்கு மறைக்கத் தோன்றவில்லை.

“அந்தம்மா உள்ள உக்காந்து தொண்டை வலிக்க வலிக்கக் குரலைப் பதிஞ்சிட்டிருந்தாங்களே, அப்பவே சார் வெளிய வந்து சொல்லிட்டாருங்க. ‘குரல் அவளோடதா இருக்கட்டும், பேச்சு நான் சொல்ற மாதிரி இருக்கட்டும்’னு.”