வாறேனுக்கு இங்கிலீஷ்

எங்க ஊர்ல யாரும் போறேன்னு சொல்லமாட்டோம். கடைக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் "வாறேன்"தான். அதை அப்படியே இங்கிலீஷ்ல கொண்டு போட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். செசிலி அதைத்தான் தினமும் செய்வா.

நான் பெமிலா, நர்சு. அயர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு வீடியோ இன்டர்வியூ. பேச்சு வராம ரெண்டு தடவை தோத்தாச்சு, இதுதான் கடைசி. எங்க தக்கலையில கோச்சிங் நடத்துற ஞானதாசன் சார், "கேட்ட உடனே பதில் வரணும் மக்கா, யோசிக்கப்பிடாது"ன்னு உயிரை எடுப்பாரு. பேசிப் பழக ஆள் வேணுமேன்னு அங்க சுவர்ல ஒட்டியிருந்த, படிக்கிற பிள்ளைங்க பட்டியல்ல இருந்து செசிலி நம்பரை எடுத்தேன். கொளச்சல்காரி. அவளுக்கும் அதே ஆஸ்பத்திரிதான் ஆசை.

காலைல பத்து மணிக்கு போன் வரும். "ஹவ் ஆர் யூ?", "மே ஐ கம் இன்?"னு நூறு தடவை கேப்பா. நான் படபடன்னு பதில் சொல்லணும். அவளுக்குப் பின்னால கடல் இரையும். போனை வைக்கும்போது மட்டும், "ஓகே பெமிலா, ஐ ஆம் கமிங்."

"ஏட்டி, தப்பு. ஐ ஆம் லீவிங்னு சொல்லு."

சிரிப்பா. மறுநாளும் அதேதான். மூணாம் நாள் கடலைக் காணோம், கண்டக்டர் "தக்கலை, தக்கலை"ன்னு விளிக்கிறது கேட்டுது. அஞ்சாம் நாள் ஒரு கேட் கிறீச்சுன்னுது. போன்லயும் கேட்டுது, எங்க வாசல்லயும் கேட்டுது.

பயத்தைக் காட்டாம கத்தினேன். "கமிங்னா எனக்க பக்கத்துல வாறேன்னு அர்த்தம். மண்டைக்கு எட்டல்லியா?"

"எட்டுச்சு. சரியான வார்த்தையைத்தான் சொன்னேன்."

அன்னைக்குத்தான் அவ முதல்தடவை தமிழ் பேசினா. போனை கட் பண்ணினேன். உடனே சாரைக் கூப்பிட்டேன்.

"கொளச்சல் செசிலியா? இன்டர்வியூவுக்கு முந்தின நாள் லாரி தட்டிச் செத்துப்போச்சே மக்கா. போன ஓணத்துக்கு. பாவம், எல்லாப் பதிலும் படிச்சு வெச்சிருந்துது. அந்தப் பழைய லிஸ்டை நான் கிழிச்சிருக்கணும்."

நம்பரை அழிச்சேன், அழுதேன், ஜெபிச்சேன். ஆனா இன்டர்வியூவை விட முடியுமா? மறுநாள் பத்து மணிக்குக் கதவைப் பூட்டிட்டு லேப்டாப் முன்னால உட்கார்ந்தேன். இன்டர்வியூ எடுக்குற மேடம் இன்னும் திரையில வரல்லை. கதவுல மெதுவா ரெண்டு தட்டு.

"மே ஐ கம் இன்?"

நூறு தடவை பழகின நாக்கு. "யெஸ், ப்ளீஸ் கம் இன்."

ஆண்டவரே, சொன்ன பிறகுதான் உறைச்சுது. கதவு திறக்கவே இல்லை. எனக்க காதுக்குள்ள கடல் இரைஞ்சுது.

திரையில மேடம் வந்து கேக்கக் கேக்க எனக்க வாய் பதில் சொல்லிச்சு. ஒரு தப்பு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. நான் உள்ளேயிருந்து கத்தினேன், யாருக்கும் கேக்கல்லை. கடைசியில மேடம், வேலை உனக்குத்தான்னு சிரிச்சாங்க.

"தேங்க் யூ மேடம். ஐ ஆம் கமிங்."

திருத்துறதுக்கு எனக்கு வாய் இல்லை.