மேஜர் எல்வுட்டின் கல்லறை

மரித்தோர் நாளில் சொந்தக் கல்லறைகளுக்குக் கொளுத்தி முடித்ததும், ஆளில்லாத கல்லறை ஒன்றுக்கும் ஒரு மெழுகுதிரி வைப்பது எங்கள் மன்னார்ப் பக்கத்து வழக்கம். மொன்றியலில் எங்களுக்குச் சொந்தக் கல்லறையே கிடையாது. அதனால் நாலு வருடங்களுக்கு முன் மலைச் சேமக்காலையின் கல்லறைகளுக்குள் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு பழைய கல்லைக் காட்டி, "இதைப் பிள்ளையின்ரை எண்டு நினைச்சுக் கொளுத்து" என்று என் மனைவி அக்னெசிடம் சொன்னேன்.

எங்கள் டனிஸ்ரன் 2009 மே மாதம், சண்டை முடிந்த கையோடு ஆமியிடம் சரணடைந்தவன். பத்தொன்பது வயது. "போ ராசா, பேரைப் பதிஞ்சுபோட்டு விட்டிடுவாங்கள்" என்று அனுப்பிவைத்த மடையன் நான்தான். அதோடு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பன்னிரண்டு வருடம் அக்னெஸ் அவனுக்கும் சேர்த்து மேசையில் ஒரு சோற்றுக் கோப்பை வைத்தாள். முதல் மெழுகுதிரி கொளுத்திய அன்றுதான் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் எனக்கும் கொஞ்சம் நித்திரை வந்தது.

இந்த வருடம் போனால், கல்லுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை. யாரோ சரித்திரச் சங்கத்தாரின் வேலை. அக்னெசுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது.

"என்னவாம்?" என்றாள்.

"தோமஸ் எல்வுட் எண்டு ஒரு வெள்ளைக்கார மேஜர். நெப்போலியன்ரை ஆக்களோடை சண்டை பிடிச்சவனாம்."

"அதில கனக்க எழுதிக் கிடக்கு. நீங்கள் கொஞ்சமாய்த்தான் வாசிக்கிறியள்."

நாற்பது வருடம் கூட இருந்தவளிடம் பொய் எடுபடுமா? வாசித்தேன். 1803இல் கப்டனாக இலங்கைக்கு வந்தான். சரணடைந்தால் உயிர் தருவேன் என்று வன்னியில் பறையறைவித்தான். நம்பி வந்த பதினொரு பேரையும் தூக்கிலிட்டான். பிறகு ஸ்பெயின், பிறகு கனடா.

அக்னெஸ் தீப்பெட்டியோடு நின்றாள்.

"அதுக்கு அவனுக்கு என்ன செய்தவை?"

"மேஜராக்கினவை."

"என்ன வயசில செத்தவன்?"

"எழுபத்தாறு. கட்டிலிலைதான்."

"அந்தப் பதினொரு பேரின்ரை பேர்?"

"போடேல்லை."

அவள் குனிந்து, கல்லில் ஒட்டியிருந்த பழைய மெழுகை வீட்டுப் பூட்டின் திறப்பால் சுரண்டினாள். சுரண்டியதைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டாள்.

"என்ரை பிள்ளை சாகேல்லை," என்றாள். "நீங்கள்தான் சாக்காட்டினியள்."

பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், மத்தியானம் மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. மூன்றாவதற்குச் சோறு போடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அகப்பையை வாங்கி நானே போட்டேன்.