தேடுபவர் எண்ணிக்கை பூஜ்யம்

வகுப்பில் சேர்ந்த முதல் சனிக்கிழமையே எனக்கும் வாத்தியாருக்கும் முட்டிக்கொண்டது. இணையத்தில் யாராவது எதையாவது தேடினால் நம்முடைய வெப்சைட் முதலில் வந்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும் வகுப்பு அது. வார்த்தைக்கு வார்த்தை 'முதல் பக்கம், முதல் பக்கம்' என்று சொன்னதால் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டோம்.

"உங்க வெப்சைட்டுக்கு யாரு வரணும்?" என்று முதல் பக்கம் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார். பல் டாக்டர், "பல்லு வலிக்கிற எல்லாரும்" என்றார். மெத்தைக் கடைக்காரர், "தூங்குற எல்லாரும்" என்றார்.

"ஒரே ஒரு ஆளு வந்தா போதும்" என்றேன் நான்.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "ஃபீஸ் கட்டித்தானே வந்திருக்கேன்? எத்தனை பேரு வரணும்னு நான்தான் முடிவு பண்ணணும்" என்றேன். அதற்குப் பிறகு என்னை யாரும் சீண்டவில்லை.

அப்பா தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கவுண்டரில் உட்கார்ந்து மெஷினை வாங்கிவைப்பதும், ரிப்பேர் முடிந்ததைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. கடையை வளர்க்கத்தான் இந்தப் படிப்பு என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதி, ஆறு வருஷமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியாத என் தம்பி.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சரிசெய்த மெஷினில் ஓர் அட்டை தொங்கும். அதில் கையெழுத்துப் போட்டவர்தான் அந்த மெஷினுக்குப் பொறுப்பு. சாக்குப்போக்கு எதுவும் செல்லாது. ஒரு நாடக அரங்கத்துக்குத் திரை தைத்த தையல்காரரின் மெஷினில் தம்பி கையெழுத்துப் போட்டிருந்தான். மேலே பார்க்க அழகாக இருந்த தையல் அடியில் பிடிக்கவே இல்லை. திறப்பு விழாவன்று திரை பிரிந்து, முன்வரிசை முக்கியஸ்தர்கள் தலையில் பொத்தென்று விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அப்பா மெஷினைப் பிரித்துப் பார்த்தார். தம்பியைத் தனியாகப் பட்டறைக்குள் அழைத்துப் போய் எதையோ காட்டிக் கத்தினார். வெளியே வந்து, தெருவே கேட்க, "இனிமே இவன் கைபட்ட மெஷின் என் கடையில இருந்து போகாது" என்றார். தம்பி அன்றைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். தன்னுடைய பழைய கறுப்பு மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போனான். போன் நம்பரை மாற்றிவிட்டான். அம்மா இல்லாத வீடு. நானும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சில்லாமல் சாப்பிடப் பழகிவிட்டோம். எனக்கு அப்பாமேல் கோபம். கவனமில்லாமல் வேலை செய்தானே என்று தம்பிமேலும் கோபம்.

இரண்டாவது வாரம் நான் செய்த முதல் காரியம் மகா மட்டமானது. எங்கள் வெப்சைட்டின் அடியில் தம்பியின் பெயரை அறுபது முறை, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதிவைத்தேன். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, தேடும் இயந்திரம் படித்துக்கொள்ளும் என்று கணக்கு. முதல் பக்கம் கண்டுபிடித்துவிட்டார்.

"இதெல்லாம் அரதப்பழசான தந்திரம்ங்க. மாட்டினா வெப்சைட்டையே ஒதுக்கி வெச்சிடும்."

"நான் யாரையும் ஏமாத்தலையே. நான் தேடுற ஆளோட பேருதானே அது?"

"மனுஷன் தன் பேரையா தேடிட்டிருப்பான்? அவனுக்கு ஒரு தொல்லை வரும்ல, அதைத்தான் தேடுவான். அதுவும் அவன் வாயில எப்படி வருதோ அப்படி."

இந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போனதும் கவுண்டரில் நான் எழுதிவைத்த சீட்டுகளை அள்ளிப் போட்டுப் படித்தேன். 'டென்ஷன் அசெம்ப்ளி பழுது' என்று எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை. 'துணி நகரமாட்டேங்குது', 'அடியில நூல் கூடு கட்டுது', 'ஊசி என்மேல கோபமா இருக்கு' என்றெல்லாம்தான் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷம் நானே கேட்டு எழுதியவைதான். ஒன்றைக்கூட நின்று யோசித்ததில்லை. உலகத்தில் எத்தனை பேர் இந்த நிமிஷம் எதையெதையோ தட்டச்சு செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கவே ஆச்சரியமாக இருந்தது.

தம்பிக்கு என்ன தொல்லை வரும்? இதைத்தான் நாள் முழுக்க யோசித்தேன். அவனிடம் இருப்பது கறுப்பு மாடல். அந்தக் கம்பெனியே மூடிவிட்டது, கையேடும் கிடைக்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை அதன் நூல் இறுக்கியில் பஞ்சு அடைத்துக்கொண்டு, அடியில் நூல் சுருளும். பிரித்துத் துடைக்க வேண்டும். அதிலுள்ள திருகுகளின் வரிசை அப்பாவுக்குத்தான் மனப்பாடம். அப்பாவை அவன் கேட்க மாட்டான். வேறு வழியில்லாமல் ஒருநாள் தேடித்தான் ஆக வேண்டும்.

எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் ஒரு கருவியை முதல் பக்கம் எங்களுக்குக் கொடுத்திருந்தார். அதில் 'கறுப்பு மாடல் மெஷின் அடியில் நூல் சுருளுது' என்று போட்டேன். தேடுபவர் எண்ணிக்கை: பூஜ்யம்.

"பாத்தீங்களா? இதுக்குப் பக்கம் எழுதுறது வெட்டி வேலை" என்றார் முதல் பக்கம்.

"ஒரே ஒருத்தன் தேடினா, இது ஒண்ணுன்னு காட்டுமா பூஜ்யம்னு காட்டுமா?"

அவர் தாடையைத் தடவினார். "பூஜ்யம்னுதான் காட்டும். அவ்வளவு கம்மியெல்லாம் அதோட கணக்குல வராது."

"அப்போ அந்தப் பூஜ்யத்துக்குள்ள அவன் இருக்கலாம்ல?"

என்னை வினோதமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலைப்பு எப்படி வர வேண்டும், படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். நல்ல மனுஷன். அவரிடம் முதல் நாள் எரிந்து விழுந்ததற்கு வெட்கமாக இருந்தது.

அப்பா வெளிவேலையாகப் போயிருந்த ஒரு காலையில் கடையில் கிடந்த இன்னொரு கறுப்பு மாடலை எடுத்துவைத்தேன். நூல் இறுக்கியைப் பிரித்துத் துடைத்தேன், மறுபடி மாட்டினேன். ஒவ்வொரு படிக்கும் போட்டோ எடுத்து, ஏழு படியாக எழுதி ஏற்றினேன். நான் ரிப்பேர்க்காரி இல்லை. ஆனால் துடைப்பதற்காகக் கழற்றி மாட்டி ஓரளவு கைப்பழக்கம் உண்டு. வேறு யாரும் அதைப் பற்றித் தமிழில் எழுதியிராததால் ஒரே வாரத்தில் எங்கள் பக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. போட்டிக்கு ஆளே இல்லாத பந்தயத்தில் முதல் பரிசு. மெத்தைக் கடைக்காரர் பொறாமையில் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி அறிக்கையைப் பார்க்க ஆரம்பித்தேன். எத்தனை பேர் கண்ணில் நம் பக்கம் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். ஒரு மாதம் இரண்டுமே பூஜ்யம். ஐந்தாவது வாரம், கண்ணில் பட்டது ஒன்று, உள்ளே வந்தது பூஜ்யம். யாரோ பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன சொல் போட்டுத் தேடினார் என்று பார்த்தால் அந்த இடம் காலி. ரொம்பக் கொஞ்சம் பேர் தேடினால் சொற்களை மறைத்துவிடுமாம்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன்தானா? கடைப் பெயரைப் பார்த்ததும் விலகிப் போய்விட்டானா?

மூன்று நாள் கழித்து, உள்ளே வந்தது: ஒன்று. பக்கத்தின் அடியில் பெயரில்லாத ஒரு கருத்தும் இருந்தது.

'ஆறாவது படத்தில் ஸ்ப்ரிங் தலைகீழாக இருக்கிறது. கொக்கி மேலே பார்க்க வேண்டும். இப்படி மாட்டினால் மேலே தையல் நன்றாகத் தெரியும், அடியில் பிடிக்காது. இதே மாதிரி தலைகீழாக இருந்த ஸ்ப்ரிங்கைத்தான் அப்பா அன்றைக்கு என் முகத்துக்கு நேராக நீட்டினார். சரியாக மாட்டியதாகத்தான் ஞாபகம், ஆனால் கையெழுத்து என்னுடையது. எப்படித் தவறினேன் என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். படத்தில் இருப்பது உன் கைதானே அக்கா? அந்த மெஷினையும் துடைத்துக் கொடுத்தது நீதானே?'

முதலில் சந்தோஷம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறான், மெஷினோடு இருக்கிறான், என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான். அதற்கடுத்த நொடி ஆறாவது படத்தைத் திறந்து பார்த்தேன், கொக்கி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. தையல்காரர் அவசரப்படுத்திய அந்தக் காலையில் பஞ்சு தெரிகிறதே என்று நூல் இறுக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டியது நான்தான். அது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை. அதனால்தான் நினைவிலும் நிற்கவில்லை. அவன் வீட்டைவிட்டுப் போனது என் கையால். இத்தனை வருஷம் அவன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

பட்டறைக்குள் போனேன். அப்பா ஒரு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னைக்கு அந்தத் திரை மெஷின்ல ஸ்ப்ரிங்கைத் தலைகீழா மாட்டினது தம்பி இல்ல. நான். துடைக்கும்போது."

எண்ணெய் வழிந்துகொண்டே இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"அவன்தான் சொன்னான்."

கம்ப்யூட்டரை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கருத்தை இரண்டு முறை படித்தார். ஆறாவது படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "இதுக்குப் பதில் எங்க எழுதணும்?" என்று கேட்டார்.

காட்டினேன். "நான் எழுதட்டுமாப்பா?" என்றதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டார். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். வாழ்நாளில் யாரிடமும் தன் தவறை ஒப்புக்கொள்ளாத மனிதர், ஒரு வரி எழுத அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்.

'உன் வேலையில் தப்பில்லை. நான்தான் விசாரிக்கவில்லை. வா.'

அனுப்பிவிட்டு எழுந்து போகாமல், திரையைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"படிச்சிட்டானான்னு இதுல தெரியுமாம்மா?"