ஏழாவது மேடை

எந்திரத்தைப் பொருத்த வந்த பிட்டருக்கு, அதை இறக்கும்போதே ஏதோ உறுத்தியது. ஆஸ்பத்திரியின் பின்னறையில் அதற்கான சிமெண்டு மேடை தயாராக இருந்தது. யாரும் அளவு சொல்லி அனுப்பவில்லை. இருந்தும், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி நான்கு போல்ட்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. பக்கத்தில் இன்னொரு மேடை காலியாகக் கிடந்தது.

"இது எதுக்கு அண்ணே?"

"அடுத்து வர்றதுக்கு," என்றார் ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். "யாராவது கொடுக்காமலா போயிடுவாங்க?"

அறையில் ஏற்கெனவே ஆறு எந்திரங்கள் இருந்தன. ஆறும் வெளிநாடுகள் கொடுத்தவை. ஆறிலும் பச்சை விளக்கு எரிந்தது, ஒன்றிலிருந்தும் சத்தமில்லை. துப்புரவுக்கார அக்கா ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்தாள், பிணத்தைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில்.

பிட்டரின் நாடு முப்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு மாவு மூட்டைக்கு வரிசையில் நின்ற நாடு. இப்போது நாலு காசு சேர்ந்து, கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. ஆக்சிஜன் தயாரிக்கும் எந்திரத்தைக் கப்பலேற்றி, அதை ஓட்டிக் காட்ட பிட்டரையும், பேசுவதற்கு ஓர் அதிகாரியையும் அனுப்பியிருந்தது.

"தானம்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே," என்று அதிகாரி விமானத்திலேயே பாடம் நடத்தியிருந்தார். "கூட்டுறவு. நாம பெரிய நாட்டுக்காரன் மாதிரி இல்ல. நாமளும் பட்டு வந்தவங்க. அவங்க கஷ்டம் நமக்குத் தெரியும்."

அப்படிக் கஷ்டம் தெரிந்தவர்கள்தான் எந்திரப் பெட்டியைத் துறைமுக மழையில் நாலு மாதம் போட்டிருந்தார்கள். காற்றைச் சலித்து ஆக்சிஜனைப் பிரிக்கிற குருணை உள்ளே நமுத்துப் போயிருந்தது. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தும் மீட்டரில் ஆக்சிஜன் அறுபத்தொரு சதவீதத்தைத் தாண்டவில்லை. நோயாளிக்குத் தொண்ணூற்று மூன்று வேண்டும். புதுக் குருணை வர ஒரு மாதம் ஆகும்.

திறப்பு விழாவோ நாளைக் காலை. எந்திரம் வந்துவிட்டதால் சிலிண்டர் ஒப்பந்தம் அதோடு முடிகிறது. விழா முடிந்ததும் எல்லாச் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு லாரி போய்விடும். வார்டில் ஒன்பது பேர் அந்தச் சிலிண்டர்களில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கீங்க?" எலக்ட்ரீஷியன் சிரித்தார். "ரெண்டு ஒயர் வேலை. விளக்குக்கும் மீட்டருக்கும் என் லைன் தனி, மெயினோட சேராது. நீங்க என்ன நம்பர் கேட்டாலும் காட்டும். இந்த ஆறும் என் பிள்ளைங்கதான். வருஷா வருஷம் பார்க்க வர்றவங்க விளக்கைத்தான் பார்க்குறாங்க. விளக்கு அணைஞ்சா அடுத்தது வராது. மூச்சை யாரு பார்க்குறா?"

"ஒன்பது பேர் செத்துருவாங்க அண்ணே."

"பழைய வியாதி, முத்திப்போச்சுன்னு எழுதுவாங்க." அவர் சிரிப்பு குறையவில்லை. "மூணாவது மிஷினைப் பாருங்க. உங்க சீதனம்தான். யாரோ உங்களுக்குக் கொடுத்தது, பழசானதும் எங்க தலையில கட்டினீங்க."

பிட்டர் குனிந்து பார்த்தான். தகட்டில் அவன் ஊர் அரசு ஆஸ்பத்திரியின் முத்திரை. இடது மூலை உள்ளே நசுங்கியிருந்தது. கை தானாக அந்தப் பள்ளத்துக்குப் போயிற்று. கல் குவாரியில் நெஞ்சு பூராவும் தூசியை நிரப்பிக்கொண்டு வந்த அப்பா, கட்டிலில் துடித்தபோது காலால் உதைத்த இடம். மூக்கில் இதன் குழாய்தான் சொருகியிருந்தது. "விளக்கு எரியுதே, மிஷின் நல்லாத்தானே ஓடுது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா வாயைப் பிளந்து பிளந்து, விடிவதற்குள் அடங்கினார்.

பின்பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பல்பு, இரண்டு ஒயர். ஒயரின் உறை பழுத்துக் கறுத்திருந்தது.

"இதை நீங்களா மாட்டினீங்க?"

எலக்ட்ரீஷியன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. "இல்ல. இது மட்டும் உங்க ஊர்லேர்ந்து வரும்போதே இந்த ஒயரோட எரிஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு."

மறுநாள் காலை மந்திரி ரிப்பன் வெட்டினார். எலக்ட்ரீஷியன் ராத்திரியே ஒயரை மாட்டியிருந்தார்; மீட்டரில் தொண்ணூற்று மூன்று பளிச்சென்று நின்றது. அதிகாரி சகோதரத்துவம் பற்றிப் பேசி முடித்தபோது பிட்டர் முன்னால் வந்தான்.

"சார், அது பொய். அறுபத்தொண்ணுதான். சிலிண்டரை அனுப்பாதீங்க."

"எங்க பிட்டருக்கு அடக்கம் ஜாஸ்தி," என்று அதிகாரி சபையைப் பார்த்துச் சிரித்தார். காதோரம் குனிந்து, "ஊருக்கு வா, உன்னைப் பார்த்துக்கறேன்" என்றார்.

பிட்டர் மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினான். குரல்வளையை நெரித்தாற்போல எந்திரம் நின்றது. அறையில் பொட்டுச் சத்தமில்லை. பச்சை விளக்கு எரிந்தது. தொண்ணூற்று மூன்று அப்படியே இருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

மந்திரி தட்டினார், அதிகாரி தட்டினார், நர்சுகள் தட்டினார்கள். எல்லார் கண்ணும் விளக்கின் மேலேயே இருந்தது. துப்புரவுக்கார அக்கா ஈரத்துணியோடு வந்து, நின்றுபோன எந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

பிட்டர் ஓடினான். வாசலில் லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. விழா முடியும் முன்பே சிலிண்டர்கள் முழுக்க ஏறியிருந்தன. முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யோவ், பைத்தியமா உனக்கு?" டிரைவர் எட்டிப் பார்த்தான். "எந்திரிய்யா. எனக்கு ஆர்டர் இருக்கு."

"என் மேல ஏத்திட்டுப் போ."

"உன் மிஷின் ஓடுதுன்னுதானே சொன்னாங்க?"

"நிறுத்திட்டேன். வேணும்னா வார்டுல போய்ப் பாரு. விளக்கைப் பார்க்காதே, அவங்க வாயைப் பாரு."

டிரைவர் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு இறங்கி வார்டுக்குள் போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. இஞ்சினை அணைத்தான், பின்கதவின் கொண்டியைத் தட்டித் திறந்தான், முதல் சிலிண்டரைத் தோளுக்குச் சாய்த்தான். அடுத்ததைப் பிட்டர் பிடித்தான்.

ஒன்பதாவதை இறக்கி வார்டுக்குள் உருட்டிப் போகும்போதும், பின்னறையில் கைதட்டு நிற்கவில்லை.