எர்சிலியாவும் சீஸ் தட்டுகிறவனும்

எர்சிலியா ஃபொந்தனேசியின் அப்பா ரயில்வே கேட் காவலர். வண்டி வரும் நேரத்தில் ஊதுகொம்பைத் தேடுவதற்குப் பதில் மகளை கேட் பக்கத்தில் நிறுத்திக் கூவச் சொல்லுவாராம். மூன்று வயல் தாண்டி வரும் மாட்டுவண்டிகூட அந்தச் சத்தத்துக்கு நின்றுவிடுமாம். மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர் அதைக் கேட்டுத்தான் அவளைப் பதினாறு வயதில் பார்மாவுக்குப் பாட்டுப் படிக்க அனுப்பினார். அதன்பிறகு பாரி, த்ரியெஸ்தே, லிஸ்பன், கெய்ரோ என்று பத்தொன்பது வருஷம் ஆப்பெரா என்னும் இசைநாடக மேடைகளில் பாடினாள். கத்தியால், காசநோயால், விஷத்தால் என்று நானூறு தடவையாவது செத்திருப்பாள். அதில் பன்னிரண்டு வருஷம் அவளுக்கு உடை மாட்டிவிட்டவள் நான். என் பெயர் நெரீனா.

அவள் பாடாத ஒரே மேடை எங்கள் சொந்த ஊர் மேடை. காரணம் பயம். எங்கள் அரங்கின் மேல்மாடத்தில் மலிவு டிக்கெட்டில் உட்காருகிறவர்கள் சவரக்காரர்களும் கொல்லர்களும் பன்றித்தொடை உப்புக்கண்டம் போடுகிறவர்களும்தான். ஆனால் ஒவ்வொரு ஆப்பெராவும் அவர்களுக்கு மனப்பாடம். பிடித்தால் கூரை பிய்ந்துபோகும். பிடிக்காவிட்டால் சீட்டி. எங்கள் ஊரில் சீட்டி என்றால் பாராட்டு இல்லை, விரட்டல். ஒரு பாடகர் மேடையிலிருந்து நேராக ரயில் நிலையத்துக்கு ஓடியிருக்கிறார், கிரீடத்தோடு.

நாற்பத்தொரு வயதில் எங்கள் ஊர் அரங்கிலிருந்து அழைப்பு வந்தபோது எர்சிலியா, "போறேன் நெரீனா. எத்தனை நாள் ஒளியறது?" என்றாள்.

ஞாயிறு பகல் காட்சி. முதல் இரண்டு அங்கமும் நன்றாகவே போயின. மூன்றாம் அங்கத்தில் ராணியாக நடித்த எர்சிலியா விஷம் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்து உச்ச ஸ்தாயியைத் தொட வேண்டும். தொட்டாள். அடுத்த நொடி மேலேயிருந்து ஒரு ஆண்குரல், சர்வ சாதாரணமாக, பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் கேட்டது:

"அம்மணி, சுருதி ஒரு மயிரிழை கீழ இருக்கு."

வயலின்கள் நின்றன. செத்துக்கொண்டிருந்த ராணி எழுந்து உட்கார்ந்தாள்.

"யாருய்யா அது?"

"நான்தான். தூண் பக்கத்துல, ரெண்டாவது வரிசை. லெயார்கோ."

"உனக்குக் காதுல ஏதாவது கோளாறா?"

"காது நல்லாத்தான் இருக்கு. ஒரு நாளைக்கு ஐந்நூறு சீஸைத் தட்டிப் பாக்குற காது இது."

அரங்கமே குலுங்கியது. கீழே வெல்வெட் நாற்காலிகளில் இருந்த சீமாட்டிகள் விசிறியால் வாயை மூடிக்கொண்டார்கள். வாத்தியக் குழுவை நடத்தும் மாயஸ்த்ரோ தன் கோலை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார். நான் திரை ஓரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன், ரயில் நிலையத்துக்கு ஓடுவதற்கு.

எர்சிலியா ஓடவில்லை. மாயஸ்த்ரோவைப் பார்த்து, "எட்டு தாளம் முன்னாடியிலேருந்து எடுங்க" என்றாள். மறுபடி பாடினாள். அந்த உச்சிக் குரல் எழும்பியபோது என் கை ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது. பிறகு அதே குரல்: "ஆங், இப்ப சரி!" கூரை பிய்ந்தது. ராணி செத்தாள், ஆனால் சாகும்போது அவள் தோள் சிரிப்பில் குலுங்கியதை நான் பார்த்தேன்.

உடை மாற்றும் அறையில் கிரீடத்தைத் தூக்கி எறிந்தாள். "அவன் சொன்னது சரிடி! அதான் எனக்கு ஆத்திரம்! பத்தொன்பது வருஷத்துல ஒரு பயலும் கண்டுபிடிக்கல!"

மறுநாள் காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு சீஸ் கிடங்குக்குப் போனாள். மாட்டுவண்டிச் சக்கரம்போல ஆயிரக்கணக்கான சீஸ்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஏணி உச்சியில் ஐம்பதை நெருங்கும் ஒரு நெட்டை மனிதர், கையில் சின்னச் சுத்தியலோடு, ஒவ்வொரு சீஸையும் தட்டிக் காதுகொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே விரிசலோ ஓட்டையோ இருந்தால் சத்தம் மாறும். அதைக் கண்டுபிடிப்பதுதான் லெயார்கோ கிரார்தீனியின் வேலை. மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆனவர்.

"இறங்கி வாய்யா கீழே!" என்றாள் எர்சிலியா.

அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. "அம்மணி... கோவிச்சுக்காதீங்க. வாயில வந்திருச்சு."

"கோவமில்ல. நீ இதைத் தட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறேன். யார் காது பெருசுன்னு பாத்துருவோம்."

அவர் தட்டிக்கொண்டே போனார். இருபது, முப்பது. எனக்கு எல்லாம் ஒரே 'டொக்'தான். கிடங்கு ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டி ஏதோ ஒரு சீஸில் எர்சிலியா கையை உயர்த்தினாள்.

"இது ஊனம்."

லெயார்கோ மறுபடி தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "இல்லீங்க. இது தங்கம்."

"வெட்டு."

"ரெண்டு வருஷம் பக்குவம் பண்ணின சீஸ்ம்மா இது!"

"வெட்டுய்யா! பயமா?"

வெட்டினார்கள். நட்டநடுவில் நெல்லிக்காய் அளவு ஓட்டை. கிடங்கு ஆட்கள் தொப்பியை மேலே எறிந்தார்கள். லெயார்கோ அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், எர்சிலியாவைப் பார்த்தார், மறுபடி ஓட்டையைப் பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் பட்டுப் பாவாடையோடு பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த ஊன சீஸை இருவரும் சுத்தியலால் உடைத்து உடைத்துத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு கடைசிக் காட்சி. திரையின் துளை வழியே மேல்மாடத்தைப் பார்த்த எர்சிலியா பதறினாள். "தூண் பக்கம் அவரைக் காணோமே நெரீனா!"

நான் எட்டிப் பார்த்தேன். கீழே முதல் வரிசை வெல்வெட் நாற்காலியில், யாரிடமோ இரவல் வாங்கிய, கை குட்டையான கோட்டில், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் லெயார்கோ. மேலேயிருந்து ஒரு கொல்லன் கத்தினான்: "டேய் லெயார்கோ! துரோகி! பணக்காரங்களோட போய்ச் சேந்துட்டியாடா?"

"வாயை மூடு! கிட்டக்க பாக்கணும்டா!" என்று அவர் திரும்பிக் கத்தினார்.

திரை தூக்குமுன்னே இவ்வளவு கைதட்டலை நான் எந்த ஊரிலும் கேட்டதில்லை. அன்று எர்சிலியா பாடியது பாட்டில்லை, பறத்தல். காட்சி முடிந்து வணங்கியவள் பூங்கொத்துகளை மிதித்துக்கொண்டு மேடை ஓரம் வந்து குனிந்து கேட்டாள்:

"எப்படி இருந்துச்சு?"

லெயார்கோ எழுந்து நின்றார். "தெரியலைங்க. பாத்துக்கிட்டே இருந்துட்டேன், கேக்க மறந்துட்டேன்."

வசந்தத்தில் கல்யாணம். அவள் மறுபடி லிஸ்பனில் பாட ஒப்புக்கொண்டிருந்த நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பாட்டையும் விடமாட்டேன், இவரையும் விடமாட்டேன் என்று எர்சிலியா சொல்லிவிட்டாள். கோயிலின் பாடகர் மாடத்தில் அரங்கின் மேல்மாடத்து ஆட்கள் மொத்தமும் நெருக்கியடித்து ஏறி நின்றிருந்தார்கள். பாதிரியார் கேட்டார், இவரைக் கணவராக ஏற்கிறாயா என்று.

"ஏற்கிறேன்" என்றாள் எர்சிலியா, கேட் காவலர் மகளின் முழுத் தொண்டையில்.

"பிரமாதம்! மறுபடி! மறுபடி!" என்று மாடம் அலறியது.

"இது கோயில்!" என்று பாதிரியார் மேசையைத் தட்டினார். யார் கேட்டார்கள்? மாடம் காலால் தரையை உதைத்தது. எர்சிலியா திரும்பி, முக்காட்டை ஒதுக்கி, ஒரு வணக்கம் போட்டுவிட்டு, "ஏற்கிறேன்" என்று மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை பாடியே காட்டினாள். பாதிரியாருக்கே சிரிப்பு வந்து, ஆசீர்வாதத்தை ஒரு வரி விட்டுவிட்டுப் படித்தார்.