பனிக்கட்டி இல்லாத டோஃபு

செர்ரி அறுவடை முடிந்து, ஜப்பானின் யமகதாப் பள்ளத்தாக்கில் வெயில் குடியேறும் நாள் முதல் கன்னோ தொகுஜி, சோயாப் பாலைத் திரித்துச் செய்த குளிர்ந்த டோஃபுவைத் தவிர வேறெதையும் விரும்பி உண்ணமாட்டார். அதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் பனிக்கட்டிகள் மிதக்கவேண்டும். நடுவே அந்த வெள்ளைக் கட்டி வீற்றிருக்கவேண்டும். அதன் தலையில் சோயா சாஸ் தாராளமாக வழியவேண்டும். ஒரு வாய் உண்டதும் "சப்புன்னு இருக்கு" என்று மறுபடியும் புட்டியைச் சாய்ப்பார். உண்டு முடிக்கையில் கிண்ணத்து அடிநீர் தேநீரைவிடக் கறுத்திருக்கும்.

இந்தக் கோடையில் அந்தப் புட்டிக்குத் தடை வந்தது. இரத்த அழுத்தத்தைச் சோதித்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உப்பைக் குறைக்கலேன்னா, ஒபோன் ஆட்டத்துக்கு உங்களை மேடையேற விடமாட்டேன். அந்தப் புழுக்கத்துல அவ்வளவு உயரத்துல நின்னு முரசடிக்கிறது விளையாட்டில்லை. ஆட்டத்துக்கு முன்னாடி ஒருதடவை வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

இறந்தோரின் ஆவிகள் வீடு திரும்பும் ஆகஸ்ட் மாத ஒபோன் நாட்களில், ஊர்த் திடலில் மரமேடை எழும். மேடைமேல் முரசு, கீழே ஊரார் வட்டமிட்டு ஆடுவார்கள். இளைஞனாக இருந்த நாள் முதல் அந்த முரசு தொகுஜியுடையது. அவர் ஏறாவிட்டால், அவருடைய பள்ளித் தோழரும் முடிதிருத்துபவருமான ஷிகேரு ஏறுவார். அந்த எண்ணமே தொகுஜியின் உறக்கத்தைக் கெடுத்தது.

அவருடைய மனைவி ஃபுமியே, வெள்ளரி, கத்தரி, மணம் வீசும் ஷிஸோ இலை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, சோயா சாஸ் சேர்க்காமல், டோஃபுவின்மேல் பரப்பி வைத்தாள்.

"இதென்ன, முயலுக்கு வெச்சதை எனக்குக் கொண்டுவந்துட்டியா?"

"முயலா இருந்தா இந்நேரம் தின்னு முடிச்சுட்டு ஓடியிருக்கும். பேசாம சாப்பிடுங்க."

"புட்டி எங்கே?"

"சொல்லமாட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஷிகேருவின் கடைக்குப் போய், அவர் வீட்டுச் சோயா சாஸ் புட்டியுடன் திரும்பினார். ஃபுமியே வாசலிலேயே அதைப் பறித்தாள்.

"அவரு ஏன் உடனே எடுத்துக் குடுத்தாருன்னு யோசிச்சீங்களா? நீங்க மேடையேறலேன்னா யாரு ஏறுவாங்க?"

தொகுஜி யோசித்தார். யோசித்தபின் முயலின் உணவை உண்டார். ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. உண்ணாமல் அவர் இளைக்க, உண்டால் உப்பு ஏற, ஃபுமியே செய்வதறியாது நின்றாள்.

இப்படியிருக்கையில் ஒரு பிற்பகல், முரசடித்துப் பழகிய தோள் வலிக்கிறதென்று தொகுஜி வீட்டிலிருந்த பனிக்கட்டி முழுவதையும் துண்டில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டார். அன்றைய டோஃபுவுக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை. ஃபுமியே முணுமுணுத்தபடி டோஃபுக் கட்டியை மூங்கில் வடிதட்டில் வைத்து, கீழே ஒரு கிண்ணமும் வைத்து, குளிர்பெட்டிக்குள் தள்ளினாள். பிறகு வீடுவீடாகச் சுற்றிவரும் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகையைப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போனாள். பலகை கைமாற ஒரு நொடி போதும். அங்கே பேச்சு முடிவதற்குத்தான் நெடுநேரம் ஆயிற்று.

அவள் திரும்பியபோது ஷிகேருவும் வந்து அமர்ந்திருந்தார். அவசரத்தில் டோஃபுவை இரண்டாக வெட்டி, வெறும் தட்டுகளில் வைத்து, நறுக்கிய காயையும் துருவிய இஞ்சியையும் ஏற்றி, உச்சியில் சில துளி சோயா சாஸ் விட்டுக் கொடுத்தாள்.

"ஐஸ் எங்கே?" என்றார் தொகுஜி.

"உங்க தோள்ல."

ஷிகேரு சிரித்தார். தொகுஜி ஒரு வாய் உண்டார். புட்டியைத் தேடி நீண்ட கை பாதியில் நின்றது. இன்னொரு வாய் உண்டார்.

"புட்டியை மாத்திட்டியா? வேற ஊரு சாஸா இது?"

"அதே புட்டிதான்."

"பொய் சொல்லாதே. உப்பு நல்லா தூக்கலா இருக்கு."

"ஆமாண்டா," என்றார் ஷிகேரு. "அண்ணி, எங்க வீட்டு டோஃபு ஒருநாளும் இப்படி இருந்ததில்லை."

ஃபுமியே எழுந்துபோய் வடிதட்டின் அடியிலிருந்த கிண்ணத்தை எடுத்துவந்தாள். அதில் நீர் ததும்பியது. மூவரும் அதை உற்றுப் பார்த்தார்கள்.

அந்த டோஃபுவுக்கு வாய் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கும்: "ஐயா, என் உடம்பெல்லாம் தண்ணீர். வடியவிட்டால் அமைதியாக இருப்பேன். தாங்களோ வடியவிடாமல், உருகும் பனியையும் எனக்குத் துணை வைத்தீர்கள். தாங்கள் ஊற்ற ஊற்ற நாங்கள் இருவரும் கரைத்தோம். பழியைப் புட்டி சுமந்தது."

"அப்போ இத்தனை வருஷமா உங்க ஐஸ்தான் சாஸைக் குடிச்சிருக்கு," என்றாள் ஃபுமியே.

தொகுஜி தட்டை வழித்து உண்டார். அதுவே அவருடைய ஒப்புதல்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றார் ஷிகேரு. "என் மேடையை நானே கெடுத்துக்கிட்டேன்."

அதன்பின் நாள்தோறும் டோஃபு வடிதட்டில் ஓய்வெடுத்தது. மேலே சில துளிகளே விழுந்தன. தொகுஜி தட்டைக் காலி செய்தார். அதனுடன் சோறும் சிறிது இறங்கத் தொடங்கியது.

ஆட்டத்துக்கு முன்தினம் மருத்துவர் கருவியை இருமுறை அழுத்திப் பார்த்தார்.

"இறங்கியிருக்கு. நான் நினைச்ச அளவுக்கு இல்லை. பாதி நேரம் அடிங்க. அப்புறம் கீழே இறங்கி, குச்சியை வேற ஆளுகிட்ட குடுத்துடணும்."

தொகுஜி நேரே முடிதிருத்தும் கடைக்கு நடந்தார்.

"பாதி எனக்கு, பாதி உனக்கு. வேகமா அடிச்சு ஆட்டக்காரங்களுக்கு மூச்சு வாங்க வெச்சுடாதே."

"நீ மெதுவா அடிச்சுத் தூங்க வெச்சவன்தானே!" என்றார் ஷிகேரு. ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மேசைமேல் விரல்களால் தாளம் தட்டத் தொடங்கினார்.

மறுநாள் மாலை காகித விளக்குகளின் கீழே தொகுஜி முரசடித்தார். நேரம் வந்ததும் எவரும் அழைக்காமலே ஏணியில் இறங்கினார். மேலே ஷிகேருவின் அடி சற்றே முந்தியது. தொகுஜி நிமிர்ந்து முறைத்தார். பிறகு எங்கே நிற்பதென்று தெரியாமல் விழித்தார். மேடையின் அடியில் அவருக்கு ஓரிடமும் பழக்கமில்லை.

வட்டத்திலிருந்து ஒரு கை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது. யுகாட்டா என்ற மெல்லிய கோடை அங்கி உடுத்திய ஃபுமியே.

"வாங்க. எவ்வளவு காலமா தனியா ஆடுறேன்!"

முரசின் ஒவ்வோர் அடியையும் அறிந்த அந்த மனிதருக்கு ஆட்டத்தில் ஓர் அசைவும் தெரியவில்லை. எல்லாரும் வலப்புறம் திரும்புகையில் அவர் இடப்புறம் திரும்பி, பின்னால் வந்தவர்மேல் மோதினார்.

"இந்தப் பக்கம்," என்றாள் ஃபுமியே, சிரிப்பை அடக்க முடியாமல். "என் கையைப் பாருங்க."

அவர் பார்த்தார். அடுத்த சுற்றில் சரியாகத் திரும்பினார்.